நடுவேனிற் கனவில் மயக்கச் சொற்கள்

சேக்ஸ்பியர் இயற்றிய இன்பியல் நாடகங்களுள் அளவிற் குறுகியதொன்றைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். தமிழிலே ‘நடுவேனிற் கனவு’ என்று வழங்கும் நாடகம் அது. நம் நாட்டவரான விபுலானந்த அடிகளார், 1926 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது ‘மதங்க சூளாமணி’யில், இக்கவிஞருக்குச் ‘செகசிற்பியார்’ என்று அழகியதொரு பெயர் சூட்டினார். அச் சிற்பியாருடைய நாடகங்கள் பலவற்றின் கதையை நேயர்கள் அறிந்திருப்பீர்கள். ஆதலால், கதையை நீட்டாமல், இந்த ஒரு நாடகத்திலே திரும்பத் திரும்ப வரும் சில சொற்களைப் பற்றியே சொல்ல எண்ணுகின்றேன். காதலைக் குறிப்பன, கனவைக் குறிப்பன, மாயத்தையும் மயக்கத்தையும் குறிப்பன என அச்சொற்கள் மூன்று குடும்பத்தவை. மூன்று குடும்பங்களும் ஒரே ஒழுங்கையிற் குடியிருப்பவர் போல உறவாடுகின்றன. ஒரு வீட்டுப் பிள்ளை அடுத்த வீட்டிலே உண்டு உறங்குவதும் உண்டு.

முதலில் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். வேனில் என்றதும் வற்றிய குளமும் வெடித்த வயலும் நம் நினைவுக்கு வரும். ஆங்கிலேயரது நடுவேனில் அத்தகையதன்று. ஜூன் மாதம் 23 ஆம் நாள் இரவு அங்கே ஆண்டின் மிகக் குறுகிய இரவுகளுள் ஒன்று; மறுநாள் புனித யோவான் திருநாள். அவ்விரவிலே அணங்குகள் உலாவும் என்றும், மனிதர் அறிவு தடுமாறும் என்றும் நாட்டார் நம்பினர். நாடகத்தின் உள்ளே சென்று பார்த்தாலோ, மே மாதத்துச் சடங்கொன்றைப் பற்றியே பேச்சு நடக்கின்றது. ஆகவே தலைப்பு நாட்காட்டியிலுள்ள ஒரு நாளைக் குறிப்பதைவிட ஒரு மனநிலையைக் குறிப்பதாகக் கொள்வதே பொருத்தம்.

கதையைச் சுருங்கச் சொல்லிவிடுகின்றேன். ஏதென்ஸ் நகரத் தலைவன் தீசியஸ், தான் வாள்வலியால் வென்ற ஹிப்பொலிற்றாவை மணக்க நாட்குறித்திருக்கின்றான். ஈஜியஸ் என்னும் தந்தை தன் மகள் ஹேர்மியாவை அவன் முன் கொண்டுவந்து நிறுத்துகின்றான். தந்தை தெரிந்த மணமகன் டிமிற்றியஸ். மகள் தெரிந்தவன் லைசாண்டர். டிமிற்றியஸ் முன்னர் ஹெலெனா என்பவளை நாடிப் பின்னர்க் கைவிட்டவன். அவளோ அவனை விட்டபாடில்லை. இந்நால்வரும் ஓரிரவு காட்டினுட் புகுகின்றனர். அங்கே அணங்குகளின் அரசன் ஓபரனும் அரசி டைற்றானியாவும் இந்தியச் சிறுவன் ஒருவனை முன்னிட்டுப் பிணங்கியிருக்கின்றனர். ஓபரன் ஒரு பூவின் சாற்றை அரசியின் கண்ணிமைகளிற் பிழிகின்றான். அவனுடைய ஏவலாள் பக் என்னும் குறும்பன் அதே சாற்றை ஆள்மாறி லைசாண்டரின் இமைகளிற் பிழிந்துவிடுகின்றான். பின்னர் டிமிற்றியஸின் இமைகளிலும் அது பிழியப்படுகின்றது. விழித்ததும் முதலிற் காணும் உயிர்மேற் காதல் கொள்ளச் செய்யும் சாறு அது. மணவிழாவுக்கென நாடகம் பழகக் காட்டுக்கு வந்த தொழிலாளருள் நெசவாளன் பொற்றம் என்பவனுக்குப் பக் கழுதைத் தலையை வைத்துவிட, அரசி அவன்மேல் மையல் கொள்கின்றாள். விடியும்போது பிணக்குகள் தீர்கின்றன.

இது 1595, 1596 ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டது. 1600 ஆம் ஆண்டில் முதன்முதல் அச்சேறியது. 1662 ஆம் ஆண்டில் இதனை இலண்டன் அரங்கிற் கண்ட சாமுவேல் பீப்ஸ் என்பார், சுவையற்ற நாடகம், இனிக் காண்பதில்லை என்று தமது நாட்குறிப்பில் எழுதி வைத்தார். நல்ல நடனமும் அழகிய பெண்டிர் சிலரும் மட்டுமே அவருக்கு ஆறுதலாக இருந்தனவாம். பீப்ஸ் கதையைப் பார்த்தார். சொல்லைக் கேட்கவில்லை என்றே நான் நினைக்கின்றேன்.

சொல்லைக் கேட்போர்க்கு இந்நாடகம் ஒரு விந்தையைக் காட்டும். மயக்கம், மாயம் என்ற பழி இங்கே முதலில் எழுவது மயங்காதவர்மேல். உண்மையில் மயங்கியவனோ தான் அறிவின் வழி நடப்பதாக அடித்துச் சொல்கின்றான். விழித்திருந்து கண்டவற்றைக் கனவென்கின்றனர். உண்மையாகவே கண்ட ஒரே ஒரு கனவை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஒவ்வொரு சொல்லும் தனக்குரிய இருக்கையை விட்டு அயலான் இருக்கையில் அமர்ந்திருக்கின்றது. இது வெறும் வேடிக்கைதானா என்பதே என் கேள்வி.

முதற் காட்சிக்கு வருவோம். காட்டுக்குள் எவரும் இன்னும் புகவில்லை. பூவும் இல்லை, சாறும் இல்லை. நடப்பது பட்டப்பகலில், அரசவையில், சட்டத்தின் முன்னிலையில். அங்கேதான் ஈஜியஸ், இந்த இளைஞன் என் பிள்ளையின் நெஞ்சைச் சூனியத்தால் மயக்கிவிட்டான் என்று முறையிடுகின்றான். அந்தச் சூனியத்துக்குச் சான்றாக ஒரு பட்டியலும் தருகின்றான். பாட்டு எழுதிக் கொடுத்தான். நிலவிலே சன்னலருகே நின்று பாடினான். தலைமயிராற் பின்னிய காப்பும் மோதிரமும் கொடுத்தான். பூச்செண்டும் இனிப்புப் பண்டமும் விளையாட்டுச் சாமான்களும் கொடுத்தான். இவ்வளவுதான். உலகிலுள்ள இளைஞர் அனைவரும் செய்வதையே லைசாண்டரும் செய்தான். ஆனால் தந்தையின் வாயில் அதற்குப் பெயர் சூனியம்.

நகைப்புக்குரியதுபோலத் தோன்றும் இச்சொல்லின் பின்னே வாள் இருக்கின்றது. தந்தை சொன்னவனை மணக்க மறுத்தால் ஏதென்ஸ் நகரச் சட்டப்படி ஹேர்மியாவுக்கு மரணம். அல்லது நிலாத் தெய்வமாகிய டயானாவின் கோயிலிற் கன்னியாகவே வாழ்ந்து முடியவேண்டும். அடுத்த அமாவாசை கழிந்து புதுப்பிறை தோன்றும்வரை அவளுக்குத் தவணை. மகளுக்குத் தனதென ஒரு விருப்பம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் தந்தை அதனோடு வாதாடவேண்டிவரும். அது விருப்பமன்று, பிறன் ஊட்டிய மயக்கம் என்று சொல்லிவிட்டால் வாதத்துக்கே இடமில்லை; நோய்க்கு மருந்து செய்வதுபோலத் தண்டனையைக் கேட்கலாம். என் தந்தை என் கண்களாற் பார்க்கக் கூடாதா என்று ஏங்குகின்றாள் ஹேர்மியா. உன் கண்கள்தாம் தந்தையின் அறிவைக்கொண்டு பார்க்கவேண்டும் என்று விடையளிக்கின்றான் தீசியஸ்.

பழந்தமிழ் கற்றோருக்கு இவ்விடத்தில் வெறியாட்டு நினைவுக்கு வராமற் போகாது. மகள் காதலால் மெலிகின்றாள். தாய் அதனை அறியாள். முருகன் அணங்கினான் என்று கருதி வேலனை அழைத்து, ஆட்டை அறுத்து, வெறியாட வைக்கின்றாள். அகப்பாட்டில் வரும் அத்தாயும் இந்நாடகத்துத் தந்தையும் ஒரே பிழையைச் செய்கின்றனர். ஆனால் தாய் அறியாமற் செய்தாள். ஈஜியஸ் அறிந்தே செய்கின்றான். நம் அகப்பாட்டில் உண்மையை எடுத்துச் சொல்லத் தோழி ஒருத்தி இருப்பாள். ஹேர்மியாவின் தோழி ஹெலெனாவோ, அவர்களது உடன்போக்கைத் தன் காதலனிடம் போய்க் காட்டிக்கொடுத்துவிடுகின்றாள்!

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுகின்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தையார் என் அலுவலறைக்கு வந்தார். அவருடைய மகள் எம்மிடம் படித்து வெளியேறியவள். ஆசிரியப் பயிற்சிக்குக் காத்திருந்தாள். அவர் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, “பிள்ளைக்கு ஆரோ மருந்து போட்டிட்டாங்கள், சேர். நீங்கள் சொன்னாற் கேட்பாள்” என்றார். நான் அந்தப் பெண்ணை அழைத்துப் பேசினேன். மருந்து என்ற பேச்சையெல்லாம் நான் எடுக்கவில்லை, படித்தவனல்லவா! பெற்றவர்கள் உன்னைவிடத் தெளிவாகப் பார்ப்பார்கள், சிறிது காலம் அவர்கள் பார்வையில் வைத்துப் பார் என்று மட்டும் சொன்னேன். அவள் மறுத்துப் பேசவில்லை. “சரி சேர்” என்று எழுந்து போனாள். அடுத்த ஆண்டு அவளுக்குத் திருமணம் ஆனதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அழைப்பு வரவில்லை. பின்னர் ஒருநாள் வகுப்பில் இந்த முதற் காட்சியை வாசிக்கும்போது நாக்குத் தடுமாறியது. நான் அவளுக்குச் சொன்னது தீசியஸ் சொன்னதேயன்றி வேறில்லை.

இனிக் காதலைக் குறிக்கும் சொற்கள். அன்பு, காதல் என்பவற்றுக்கு நேரான பொதுச்சொல் இந்நாடகத்தில் நிறைய வருகின்றது. அது எல்லா நாடகத்திலும் வருவதே. இங்கே கூர்ந்து நோக்கவேண்டியவை வேறு இரண்டு. ஒன்று ‘டோட்’ என்னும் வினைச்சொல். அறிவு தளர்ந்துபோதல் என்பது அதன் பழைய பொருள். முதுமையில் வரும் புத்தித் தளர்ச்சிக்கும் அதிலிருந்தே பெயர் வந்தது. அந்த வேரிலிருந்து, கண்மூடித்தனமாக ஒருவர்மேல் ஆசைவைத்தல் என்ற பொருள் கிளைத்தது. ஹெலெனா டிமிற்றியஸ்மேல் வைத்ததற்கும், டிமிற்றியஸ் ஹேர்மியாமேல் வைத்ததற்கும், டைற்றானியா கழுதைத் தலையன்மேல் வைத்ததற்கும் இந்த ஒரே சொல் வழங்குகின்றது. பூச்சாற்றினால் வந்த ஆசைக்கும் தானாக வந்த ஆசைக்கும் கவிஞர் சொல்லில் வேறுபாடு காட்டவில்லை. தமிழில் இதற்கு ‘மையல்’ என்பது ஓரளவு பொருந்தும். மையல் என்பது பித்துக்கும் பெயர், காம மயக்கத்துக்கும் பெயர்.

மற்றது ‘ஃபான்சி’. கற்பனை, உருவெளித் தோற்றம் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லொன்றின் சிதைவு இது. சேக்ஸ்பியர் காலத்திலே இச்சொல் கற்பனையையும் குறித்தது, வேரூன்றாத காதலையும் குறித்தது. ஈஜியஸ் தன் மகளின் கற்பனையில் லைசாண்டர் தன் உருவைத் திருட்டுத்தனமாகப் பதித்துவிட்டான் என்கிறபோது இதன் மூல வடிவம் வருகின்றது. உன் ஃபான்சியைத் தந்தையின் எண்ணத்துக்கு இசையப் பொருத்திக்கொள் என்று தீசியஸ் ஹேர்மியாவுக்குக் கட்டளையிடுகின்றான். ஏதோ சட்டையைத் தைத்துத் திருத்துவதுபோல! ஹெலெனாவின் நோய்க்கும் இதுவே பெயர். இதே சொல்லை நாடகத்தின் கடைசியில் ஹிப்பொலிற்றா எடுத்தாளுவாள். அதனைப் பிறகு காண்போம்.

ஹெலெனாவின் நிலையை நம் இலக்கணத்தார் கைக்கிளை என்பர். டைற்றானியாவும் பொற்றமும் நிற்கும் நிலையைப் பெருந்திணை என்று சொல்லிவிடலாம். கழுதைத் தலைக்குப் பொருந்தும் திணை வேறெது?

அடுத்து அந்தப் பூ. ஆங்கிலநாட்டு வயலோரங்களில் மூன்று நிறம் காட்டிப் பூக்கும் சிறிய காட்டுப்பூ அது. மேற்றிசையிலே வீற்றிருந்த கன்னியொருத்தியை நோக்கிக் காமன் எய்த அம்பு குறிதவறி இப்பூவின்மேல் விழுந்ததாகவும், பால்வெண்மையாக இருந்த பூ அக்காயத்தால் ஊதாநிறம் பெற்றதாகவும் ஓபரன் கூறுகின்றான். அக்கன்னி அக்காலத்து அரசியான முதலாம் எலிசபெத்து என்பர். அது கிடக்க. அப்பூவுக்குச் சிற்றூர்ப் பெண்கள் வழங்கிய பெயராக ஓபரன் சொல்வது ‘லவ் இன் ஐடில்னெஸ்’ என்பது. ‘ஐடில்’ என்றால் இன்று நாம் சோம்பல் என்கின்றோம். அக்காலத்தில் அதற்கு வெறுமை, பயனின்மை, அறிவின்மை என்ற பொருள்களும் இருந்தன. வேலையற்றிருக்கும் வேளையில் வந்த காதல் என்றும் கொள்ளலாம். பொருளற்ற காதல் என்றும் கொள்ளலாம். இச்சிறு சொல்லை மறவாது வைத்துக்கொள்ளுங்கள். அது மீண்டும் வரும்.

சாறு முதலில் ஆள்மாறி லைசாண்டரின் இமைகளில் விழுகின்றது. ஹேர்மியாவோடு ஓடிவந்தவன், விழித்ததும் ஹெலெனாவைக் கண்டு அவள் காலடியில் வீழ்கின்றான். அப்போது அவன் பேசும் பேச்சைப் பாருங்கள். மனிதனின் விருப்பம் அறிவுக்கு அடங்கியது என்கின்றான். அவ்வறிவே ஹெலெனா மேலானவள் என்று கூறுகின்றது என்கின்றான். இதுகாறும் இளமையால் அறிவு முதிரவில்லை, இப்போது முதிர்ந்துவிட்டது என்கின்றான். சில வரிகளுக்குள் நான்கு தடவை அறிவு என்ற சொல்லை உருட்டுகின்றான். கண்ணிமையில் ஈரம் காயவில்லை! பகலிலே சூனியக்காரன் என்று பழிக்கப்பட்டபோது அவனிடம் சூனியம் எதுவும் இருக்கவில்லை. இரவிலே சூனியத்தில் அகப்பட்டிருக்கும்போது அவன் தருக்கநூல் பேசுகின்றான்.

காட்டிலே உண்மை பேசுபவன் ஒருவனே. அவன் கழுதைத் தலையன். அணங்கரசி விழித்தெழுந்து அவனை அறிஞன் என்றும் அழகன் என்றும் போற்றிக் காதல் மொழியும்போது, அம்மா, நீங்கள் என்னை விரும்ப ஏது காரணம், ஆனால் இக்காலத்தில் அறிவும் காதலும் அதிகம் சேர்ந்து திரிவதில்லை, நல்ல அயலார் யாரேனும் இரண்டையும் இராசியாக்கி வைத்தாற் போதாதா என்ற கருத்துப்பட அவன் விடையளிக்கின்றான். படித்த இளைஞனுக்கு வராத தெளிவு நெசவாளனுக்கு வருகின்றது. அரசி ஏவல்செய்ய விட்ட குட்டி அணங்குகளுக்கு அவன் செய்யும் மரியாதையும் அப்படிப்பட்டதே. பயற்றம்பூ, சிலந்திவலை, விட்டில், கடுகு என்பன அவற்றின் பெயர்கள். கடுகைப் பார்த்து, உன் இனத்தார் முன்பே என் கண்ணில் நீர் வரவைத்திருக்கின்றனர் என்கின்றான். சமையற்கட்டில் நின்றவர்க்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

பொற்றத்தின் தலை மாறியதைக் கண்ட கூட்டாளி பீற்றர் குயின்ஸ் அலறியடித்துச் சொல்லும் சொல் ஒன்று மொழிபெயர்ப்பாளரைத் திகைக்க வைப்பது. ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு ஆக்குவதைக் குறிக்கும் அதே சொல்லைத்தான், நீ மாற்றப்பட்டுவிட்டாய் என்னும் பொருளில் அவன் சொல்கின்றான். தமிழிலும் ‘மொழிபெயர்ப்பு’ என்பதிலே ‘பெயர்தல்’, இடம்விட்டு நகர்தல், இருக்கின்றதல்லவா? “பொற்றம், நீ பெயர்க்கப்பட்டாய்!” என்றால் எம்மவருக்கும் சிரிப்பு வரும். ஆனால் இச்சொல் அவனிடம் தொடங்கவில்லை. முதற் காட்சியிலேயே ஹெலெனா ஹேர்மியாவைப் பார்த்து, உலகமே எனதாயினும் அதனைக் கொடுத்து உன்னுருவாக மாறிவிட விரும்புவேன் என்னும் இடத்தில் அதே சொல்லை வழங்கியிருக்கின்றாள். கேட்டவள் அவள்; பெற்றவன் பொற்றம்.

நிலவைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் அப்பாற் செல்ல மனமில்லை. நாடகம் முழுவதும் நிலவு காய்கின்றது. தீசியஸ் பேசும் முதற் பேச்சே பழைய நிலவு தேய மறுக்கின்றதே என்ற முறையீடு. தொழிலாளர்கள் நாடகமாடும் இரவில் நிலவு உண்டா என்று பஞ்சாங்கம் புரட்டுகின்றனர். உண்டு என்று கண்டபின்னும் மனம் அமையாமல், விளக்கும் முட்கட்டும் நாயும் கொடுத்து ஒருவனையே நிலவாக நிறுத்திவிடுகின்றனர். ஆங்கிலத்தில் பித்தனைக் குறிக்கும் சொல் நிலவின் இலத்தீன் பெயரிலிருந்து பிறந்தது. நிலவால் அறிவு கெடும் என்பது அவர்களது பழைய எண்ணம். நமக்கோ ‘மதி’ என்னும் ஒரே சொல் நிலவும் ஆகும், அறிவும் ஆகும். வேர் வேறென்று மொழிநூலார் கூறுவர், செவிக்கு ஒன்றே. இந்நாடகத்தைத் தமிழாக்குவோருக்கு இதைவிட நல்ல கொடை வேறென்ன வேண்டும்?

கனவுக்கு வருவோம். கனவென்று பெயர்பெற்ற இந்நாடகத்திலே, உறங்கும்போது ஒருவர் உண்மையாகக் காணும் கனவு எத்தனை? ஒன்றே ஒன்று. அதைக் காண்பவள் ஹேர்மியா. காட்டிலே களைத்துறங்கியவள், பாம்பொன்று தன் நெஞ்சைத் தின்பதாகவும் லைசாண்டர் அருகிருந்து புன்னகை செய்வதாகவும் கண்டு அலறி எழுகின்றாள். பக்கத்தே அவன் இல்லை. ஹெலெனாவைத் தேடி ஓடிவிட்டான். கனவு பொய்யென்பர், இக்கனவிலே பொய் ஏதும் இல்லை. இதனைப் பற்றி நாடகத்தில் வேறெவரும் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அவளும் பின்னர் அதனை எடுப்பதில்லை.

மற்றவர்கள் கனவென்று சொல்வனவெல்லாம் கண்விழித்துச் செய்தவை. ஒருவரையொருவர் வைததும், வாளை உருவியதும், ஒருத்தியைக் கைவிட்டு மற்றவளைத் துரத்தியதும் உண்மையாக நடந்தவை. விடிந்ததும், இன்னும் உறங்குகின்றோம் போலும், வழியிலே நம் கனவுகளைப் பேசிச் செல்வோம் என்கின்றான் டிமிற்றியஸ். எவ்வளவு வசதியான சொல்! ஹெலெனாவிடம் கூறிய கொடுஞ்சொற்களுக்கும், அவளைக் காட்டுவிலங்குகளிடம் விட்டுவிடுவேன் என்று அச்சுறுத்தியதற்கும் அவன் மன்னிப்புக் கேட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை. கனவில் நடந்ததற்கு யார் மன்னிப்புக் கேட்பார்? தந்தைக்குச் சூனியம் என்ற சொல் எப்படி உதவியதோ, அப்படியே இளைஞர்க்குக் கனவு என்ற சொல் உதவுகின்றது.

பொற்றத்தின் கனவு மட்டும் வேறுவகை. தலை தெளிந்து தனியே விழித்தெழுந்தவன், தான் கண்டதைச் சொல்ல முயன்று முயன்று தோற்கின்றான். கண்ணின் தொழிலைச் செவிக்கும், செவியின் தொழிலைக் கண்ணுக்கும், நாவின் தொழிலைக் கைக்கும் கொடுத்துக் குழப்புகின்றான். விவிலியத்திலே, பவுல் அடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் திருமுகத்தில் வருமொரு பகுதியின் தலைகீழான எதிரொலி அது. நூல் சுற்றும் கட்டைக்கு அக்காலத்து நெசவாளர் வழங்கிய பெயரும், அடித்தளத்துக்குப் பெயரும் அவன் பெயரும் ஒன்றே. எனவே, என் கனவுக்கு என் பெயரையே வைக்கச் சொல்வேன், ஏனென்றால் அதற்கு அடியே இல்லை என்கின்றான். குயின்ஸைக் கொண்டு அதைப் பாட்டாக எழுதுவிப்பேன் என்றும் சொல்கின்றான். கூட்டாளிகளைக் கண்டதும், சொல்லுகின்றேன் என்று தொடங்கி, ஒரு சொல்லும் சொல்லாமல் விட்டுவிடுகின்றான். அந்தப் பாட்டை நாடகத்தில் எவரும் பாடக் கேட்பதில்லை. மற்றவர்கள் கனவு என்று தள்ளிவிட்டதை இவன் ஒருவனே போற்றிவைத்துக்கொண்டான்.

கடைசிப் பகுதியில், காதலர் நால்வரும் கூறிய கதையைக் கேட்ட தீசியஸ் புகழ்பெற்ற அந்த விரிவுரையைச் செய்கின்றான். பித்தன், காதலன், கவிஞன் மூவரும் கற்பனையாலேயே சமைந்தவர்கள்; பழங்கதைகளையும் அணங்குக் கதைகளையும் நான் நம்பேன் என்பது அதன் சாரம். தானே ஒரு பழங்கதையின் மாந்தன் என்பதை அவன் அறியான்! மேடைகளில் மேற்கோளாக எடுத்தாளப்படுவது பெரும்பாலும் இவ்விரிவுரையே. இதற்கு ஹிப்பொலிற்றா ஐந்தே வரிகளில் விடையிறுக்கின்றாள். நால்வரும் தனித்தனியே ஒன்றையே சொல்கின்றனர். நால்வர் மனமும் ஒருங்கே மாறியிருக்கின்றன. இது ஃபான்சியின் உருவங்களைவிடப் பெரிதொன்றுக்குச் சான்று. விந்தையாயினும் உறுதியுடையதாக வளர்ந்து நிற்கின்றது என்பது அவள் கருத்து. ஹேர்மியாவின் ஃபான்சியைத் தந்தைக்கு ஏற்பத் திருத்தச் சொன்னவனுக்கு, அச்சொல்லையே எடுத்து அவனுடைய மனைவி பதில் சொல்கின்றாள். வாளால் வெல்லப்பட்டவள் அவள் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். 1970 ஆம் ஆண்டில் பீற்றர் புறூக் என்னும் நெறியாளர் இந்நாடகத்தை ஸ்ற்றற்போட்டில் வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே அரங்கேற்றியபோது, தீசியஸையும் ஓபரனையும் ஒருவரே நடித்தார். ஹிப்பொலிற்றாவையும் டைற்றானியாவையும் ஒருத்தியே நடித்தார். பகலில் நம்ப மறுப்பவனே இரவிலே மாயம் செய்பவனாக நிற்கக் கண்டோர் இந்த வாதத்தைப் புதிதாகக் கேட்டிருப்பர்.

திரைவிழும் முன் பக் தனியே வந்து அவையோரைப் பார்த்து, எங்கள் நிழலாட்டம் பிடிக்காவிட்டால், நீங்களே உறங்கிக் கனவு கண்டதாக எண்ணிக்கொள்ளுங்கள் என்கின்றான். ‘நிழல்’ என்ற சொல் அங்கே நடிகருக்கும் பெயர், அணங்குகளுக்கும் பெயர். அவன் பேச்சிலே அந்த ‘ஐடில்’ என்ற சொல்லும் தலைகாட்டுகின்றது; இப்போது அது நாடகத்துக்கே அடைமொழி.

அச்சொல் இடையிலும் ஒருமுறை வந்தது. அதைச் சொன்னவன் டிமிற்றியஸ். காட்டின் விளிம்பிலே தீசியஸ் முன் நின்று, ஹேர்மியாமேல் இருந்த காதல் பனிபோல் உருகிவிட்டது. சிறுவயதில் ஆசைப்பட்ட பொருளற்ற விளையாட்டுச் சாமானைப் போல அது இப்போது தோன்றுகின்றது. நோயிலே வெறுத்த உணவை உடல் தேறியதும் நாவு விரும்புவதுபோல மீண்டும் ஹெலெனாவை விரும்புகின்றேன் என்கின்றான். விளையாட்டுச் சாமான் என்பது ஈஜியஸின் பட்டியலில் இருந்த அதே பொருள். பேச்சு அழகானது. ஆனால் நேயர்களே, லைசாண்டரின் இமைகளிலும் அரசியின் இமைகளிலும் மாற்றுச்சாறு பிழியப்பட்டது. டிமிற்றியஸின் இமைகளிற் பிழியப்படவில்லை. பூவின் சாறு இன்னும் அவன் கண்ணில் இருக்கின்றது. அதோடுதான் அவன் மணவறைக்குப் போகின்றான்.

அண்மையில் உயர்தர வகுப்பில் இவ்விடத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் முன்னரே ஹெலெனாவை விரும்பியவன். ஆதலால் சாறு அவனைப் பழைய நிலைக்கு மீட்டது என்று கொள்ளலாம், நோய் தீர்ந்தது என்ற உவமையை அவனே சொல்கின்றான் என்றேன். பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். “நோய் தீர்ந்தால் மருந்தை நிற்பாட்டலாம்தானே, சேர்?” என்று கேட்டாள். வகுப்புச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஹெலெனா என்ன நினைக்கிறாள் என்று பார்ப்போம் என்று ஏட்டைப் புரட்டச் சொன்னேன். டிமிற்றியஸைத் தற்செயலாகக் கண்டெடுத்த மணியைப்போலக் கண்டேன். என்னுடையவன், ஆயினும் என்னுடையவன் அல்லன் என்ற கருத்துப்பட அவள் அவ்விடத்தில் ஒன்று சொல்கின்றாள். அதன்பின் அவளுக்குப் பேச்சு எங்கே வருகிறது என்று தேடச் சொன்னேன். மணவிழாக் காட்சி முழுவதையும் தேடினார்கள். டிமிற்றியஸும் லைசாண்டரும் தொழிலாளரின் நாடகத்தைப் பார்த்துப் பகிடி பண்ணிக்கொண்டே இருக்கின்றனர். ஹெலெனாவுக்கு ஒரு வரியும் இல்லை; ஹேர்மியாவுக்கும் இல்லை.

“ஏன் சேர்?” என்றாள் அந்தப் பிள்ளை. மணி அடித்தது. அடுத்த பாட ஆசிரியை வாசலில் வந்து நின்றார்.